பவளக்கொடிக்கு ஒரு என்ஜின்

மாரித்தங்கம் முதல் என்ஜினைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து எங்கள் ஆத்துமேட்டுத் தெருவில் ஒருத்தராலும் மூலைவாட்டமாக நடக்க முடியவில்லை. நேரே போகலாம், பின்னே வரலாம், வலது கைப் பக்கம் திரும்பலாம், இடது கைப் பக்கம் திரும்பலாம், குறுக்கே மட்டும் ஒரு எட்டு வைக்கக் கால் வரவில்லை. பால்காரர் சைக்கிளோடு முக்குக்கு வந்து விறைப்பாக நின்று, அணிவகுப்பில் போலீஸ்காரர் திரும்புகிற மாதிரி சட்டென்று திரும்பி, மறுபடி மிதித்துக்கொண்டு போனார். பிறந்ததிலிருந்து கோயில் வாசலைக் குறுக்கே கடந்து டீக்கடைக்குப் போன ஆம்பளைகள் எல்லாம் கட்டம் கட்டமாக எட்டு வைத்துச் சுற்றிப் போய்ச் சேர்ந்து, டீ ஆறிவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்கு நின்றார்கள். மின்சார ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து டிரான்ஸ்பார்மரை அண்ணாந்து பார்த்துவிட்டு, இதில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லி, அவரும் கட்டம் கட்டமாகவே நடந்து திரும்பிப் போனார். மத்தியானத்துக்குள் தெரு பழகிவிட்டது. எங்கள் தெரு எதற்குத்தான் பழகவில்லை? தண்ணி இல்லாத ஆற்றங்கரையில் ஆத்துமேடு என்று பேர் வைத்துக்கொண்டு குடியிருக்கப் பழகவில்லையா?

நான் குருவம்மா. சாத்தூர் ஸ்டேஷனில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவள். வைப்பாற்று மணலில் ஊத்துத் தோண்டி, குடத்தில் மொண்டு ஊற்றி வெள்ளரி போட்டு, பிஞ்சைக் கீறி மிளகாய்ப் பொடியும் உப்பும் தடவி, ரயில் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் ஜன்னல் ஜன்னலாக ஓடி விற்பது என் பிழைப்பு. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். ஜன்னலுக்குக் கீழே நின்று கத்திப் பிழைக்கிறவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும்?

என் கூடவே அந்த ஸ்டேஷனில் கூடை சுமந்தவள் பவளக்கொடி, மாரித்தங்கத்தின் அம்மா. அவளைப்போல ஒரு கைகாரியை நான் பார்த்ததில்லை. ரயிலில் ஏறும்போது படியில் இடது காலை இரண்டு தரம் உதறுவாள், செருப்புக்குள் மணல் புகுந்துவிடுமாம். ஏறிவிட்டாளானால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போவதற்குள் கூடை காலி. காலியானதும் நேரே என்னிடம் வருவாள். இன்னும் ஏன் வைத்திருக்கிறாய், என்ன விலை சொன்னாய், ஒன்றும் கேட்கமாட்டாள். "குடுடி" என்று ஒரே ஒரு வார்த்தை. என் தலையில் இருக்கிற கூடையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். எனக்கு ரோசமாகத்தான் வரும். ஆனால் தலை லேசாக இருக்கும்.

அவள் செத்தது ஒரு பங்குனிப் பொங்கலின்போது. எங்கள் பக்கத்தில் காளியம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டியதும் பொம்பளைகள் சட்டியில் மண்ணும் எருவும் போட்டு, நவதானியம் விதைத்து, வெயில் படாத அறையில் வைத்து முளைப்பாரி வளர்ப்பார்கள். பொங்கலன்றைக்குத் தலையில் சுமந்து போய், கும்மி கொட்டி, குலவையிட்டு, தண்ணியில் கரைப்பார்கள். ஆறு வற்றிய பிறகு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணி பிடித்து வைத்துக் கரைத்தோம், அது வேறு கதை. பவளக்கொடியின் பயிர்தான் வருஷா வருஷம் தெருவிலேயே ஒசரம். அந்த வருஷமும் முழங்கை நீளத்துக்கு எழும்பி நின்றது. அவளைத்தான் காய்ச்சல் படுக்கப் போட்டு, பொங்கலுக்கு முந்தின நாள் கொண்டு போய்விட்டது. சாவு விழுந்த வீட்டுச் சட்டியை யார் சுமப்பது? அறைக்குள்ளேயே கிடந்து மஞ்சளாகி, காய்ந்து, சாய்ந்தது. அம்மனுக்கு என்று வளர்த்ததைக் கரைக்காமல் போவது ஒரு பொம்பளைக்கு எப்பேர்ப்பட்ட குறை தெரியுமா? அவள் போனதைவிட அந்தச் சட்டி அப்படியே கிடந்ததுதான் என்னை அறுத்தது.

மாரித்தங்கம் கம்ப்யூட்டர் படித்தவள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, ஊர்க்காரர்களுக்கு ஆன்லைனில் என்னென்னவோ போட்டுக் கொடுக்கிறவள். காரியம் முடிந்த கையோடு காளியம்மன் முன்னால் போய் நின்று, "மூணாவது பொங்கலுக்குள்ள எங்கம்மா கையாலயே முளைப்பாரியக் கரைக்க வைக்கிறேன்" என்று நேர்ந்துகொண்டாள். எப்படிடி என்று கேட்டால், கம்ப்யூட்டரில் ஓர் ஆட்டம் செய்யப் போகிறாளாம். ஆடுகிறவர்கள் பவளக்கொடியாக வேஷம் கட்டிக்கொண்டு அவள் வாழ்க்கையை வாழ்ந்து பார்க்க வேண்டுமாம், அதற்கு ஆர்.பி.ஜி. என்று பேராம். கூடையோடு ரயில் ஏறி, டிக்கெட் செக்கருக்குத் தப்பி, ஒரு ஸ்டேஷனில் பிள்ளைத்தாச்சிக்குத் தண்ணி வாங்கிக் கொடுத்து, அடுத்த ஸ்டேஷனில் யாரோ தவறவிட்ட பெட்டியைத் தேடிக் கொடுத்து, கடைசியில் ஊருக்குத் திரும்பி, ஆற்றில் இறங்கி முளைப்பாரியைக் கரைத்தால் ஜெயம். கதையை எழுதிவிட்டாள். படத்தை வரைந்துவிட்டாள். என்ஜின்தான் அமையவில்லை.

"என்ஜினா? டீசலா, கரண்டா?" என்று கேட்டேன்.

"அய்யோ பெரியம்மா! கதை என்னோடது, படம் என்னோடது. ஆனா நடந்தா கால் எப்படி விழணும், எறிஞ்சா எப்படிக் கீழ வரணும், வெயில் எப்படி அடிக்கணும், தண்ணி எப்படி இருக்கணும், இதெல்லாம் பாத்துக்கிறது என்ஜின். அத யாராவது செஞ்சு வச்சிருப்பாங்க. நமக்குத் தோதானத நாம எடுத்துக்கணும்."

"அப்ப சாமின்னு சொல்லு."

"சாமிதான். ஆனா நெறைய சாமி இருக்கு. அதுதான் என் தலைவலி."

நெறைய இருந்ததுதான் அவளுக்கு வினையாகிவிட்டது. ஒன்றை எடுத்துப் பாதி செய்வாள், இன்னொன்றில் மரம் இதைவிட நன்றாக ஆடுகிறது என்று யாரோ சொல்லுவார்கள், இதைக் கீழே போட்டுவிட்டு அதை எடுப்பாள். ஜவுளிக் கடையில் சேலையைப் பிரித்துப் பிரித்துப் போட்டுவிட்டு எதையும் எடுக்காமல் எழுந்து வருகிறவளைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கதைதான். முதல் பொங்கல் போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவதற்குக் காப்புக் கட்டப் போகிற நேரத்தில், மூன்றே மூன்றுதான், இதில் ஒன்று என்று சத்தியம் செய்துவிட்டு முதலாவதை ஏற்றினாள். அதற்குமுன் ஏற்றியதெல்லாம் அவள் கம்ப்யூட்டரோடு நின்றது. நேர்ச்சைக்கென்று ஏற்றியதாலோ என்னவோ, இது தெருவுக்கு வந்துவிட்டது.

அதற்குத் தெரு வைத்த பேர் கட்டக்காரன். கட்டக்காரன் ஆட்சியில் ஆளுக்கு ஒரே ஒரு பேச்சுத்தான். எதிரே போய் நின்றால் தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு கட்டம் முளைத்து, அதில் அந்த ஆளின் பேச்சு எழுத்தெழுத்தாக வரும். கடற்கரை என்று பேர் கொண்ட சேவுக் கடைக்காரரிடம் எதைக் கேட்டாலும் "இப்பத்தான் எண்ணெயிலருந்து எடுத்தது" என்பார். அவர் வீட்டுக்காரிக்கு வாய்த்த பேச்சு "நீங்க சொன்னாச் சரி". அந்த வீட்டில் அப்படி ஒரு சமாதானத்தைத் தெரு அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. முடுக்கில் இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால் ஒதுங்க வழி கிடையாது, யாராவது ஒருத்தர் பின்னாலேயே நடக்கணும். அப்படி முட்டிக்கொண்டு விட்டுக்கொடுக்காமல் நின்ற இரண்டு பொம்பளைகள் சாயங்காலத்துக்குள் சம்பந்தம் பேசி முடித்து, தாம்பூலம் மாற்றுகிற நாளையும் குறித்துவிட்டார்கள்.

அப்புறம் ஆறு வந்தது. வைப்பாற்று மணல் எல்லாம் நீலக் கட்டமாக மாறி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே மாதிரி ஒரு சின்ன அலை, வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து ஆடியது. தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஓடிய வேகத்தில் கரையில் போய் அத்தனை பேரும் நின்றோம், ஏனென்றால் அதற்கு மேல் கால் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத சுவர். கடற்கரை தூரத்திலிருந்து ஓடி வந்து பாய்ந்து பார்த்தார், கண்ணாடியில் முட்டிய குருவி மாதிரி உட்கார்ந்துவிட்டார். மாரித்தங்கம் கரையோரம் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"இந்த என்ஜினுக்குத் தண்ணின்னா வேலி, பெரியம்மா. சுத்திப் போகலாம். எறங்க முடியாது."

"எறங்க முடியாத ஆத்துல உங்கம்மா எப்படிடி கரைப்பா?"

"அதான் இந்த என்ஜினத் தூக்கிடப் போறேன்" என்றாள். அன்றைக்கே நாங்கள் மறுபடி மூலைவாட்டமாக நடந்தோம். கடற்கரை வீட்டில் சண்டைச் சத்தமும் கேட்டது.

இரண்டாவது என்ஜினுக்கு மினுக்கி என்று பேர் வைத்தோம். பெரிய பெரிய ஆட்டம் எல்லாம் அதில்தான் செய்வார்களாம். அதை ஏற்றியதும் வெயில் அழகாகிவிட்டது. சாத்தூர் வெயிலை அழகு என்று சொல்ல நான் பிறந்ததிலிருந்து ஒருத்தருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அந்த வாரம் சொன்னோம். சேவுக்குச் சேவு தனி நிழல் விழுந்தது, ஆட்டுத் தாடியில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியே தெரிந்தது, கருவேலங்காட்டில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு அடுப்பில் வைத்த குழம்பை மறந்தவர்கள் உண்டு. ஆனால் ஓர் இடத்தில் கூட்டம் சேர்ந்தால் மினுக்கிக்கு மூச்சு வாங்கும், எல்லாம் அப்படியே நின்று நின்று நகரும். டீக்கடையில் ஆற்றிய டீ கிளாசுக்கும் டம்ளருக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கும், நாங்களும் நின்று, அது விழுந்ததும் வாங்கிக் குடிப்போம். ரேஷன் கடைக்கு இரண்டிரண்டு பேராகப் போகப் பழகினோம், கடைக்காரர் எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டார். மாரித்தங்கத்தின் கம்ப்யூட்டர்தான் பாவம், பிரசவ வலி கண்டவள்போல அலறிக்கொண்டே இருந்தது.

மினுக்கி கொண்டு வந்த ஆறு இருக்கிறதே, அதை எப்படிச் சொல்ல! கரை புரண்டு, ரயில் பாலத்தைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டு, மேகத்தையும் கொக்கையும் தன் மேலே போட்டுக்கொண்டு போனது. அந்தக் கரையில், இடுப்பில் கூடையோடு, பவளக்கொடி நின்றாள்.

மாரித்தங்கம் வரைந்த பவளக்கொடிதான். அவளுக்கென்று சரியான போட்டோ ஒன்றுகூடக் கிடையாது, ரேஷன் கார்டில் இருப்பது யாரென்று அந்தக் காளியம்மனுக்கே தெரியாது. அதனால் அந்த மூஞ்சியை நானும் மாரித்தங்கமும் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து பிடுங்கிப் பிடுங்கிச் செய்திருந்தோம். மூக்கு இன்னும் சப்பை, புருவத்துக்கு மேலே அரிவாள் பட்ட தழும்பு, சிரிப்பதற்கு முன்னால் ஒரு பக்கம் மட்டும் ஏறுகிற உதடு. எல்லாம் அப்படியே இருந்தது. நெற்றியில் விழுந்த மயிர் காற்றில் ஆடியது. நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன், கை அவளுக்குள் போய் மறுபக்கம் வந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, என் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள். பரவாயில்லை, பார்க்கக் கிடைத்ததே. சாயங்காலம் ஆனால் ஸ்டேஷனிலிருந்து நேரே கரைக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததை எல்லாம் கொட்டுவேன். தெருவும் வந்தது. கடற்கரை சேவுப் பொட்டலம் கொண்டு வந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, தன் வீட்டுக்காரியைப் பற்றி முறையிட்டுவிட்டுப் போனார்.

அந்தத் தண்ணி நனைக்காது என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். எருமை இறங்கி வாயை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ந்த வாயோடு கரையேறி எங்களை ஒரு பார்வை பார்த்தது, அதற்கு மட்டும் பேச்சு வந்திருந்தால் காது கொடுத்துக் கேட்டிருக்க முடியாது. நாங்கள்தான், குடிக்கிறதுக்கு லாரித் தண்ணி, பார்க்கிறதுக்கு ஆத்துத் தண்ணி என்று பேசித் தீர்த்துக்கொண்டோம். முளைப்பாரிக்கு என்ன செய்வது என்று கேட்டால், அன்றைக்கு அம்மன் பார்த்துக்குவா என்றோம். எதை எடுத்தாலும் கடைசியில் அவள் தலையில் கட்டுவது எங்கள் தெருப் பழக்கம். கவுன்சிலர் பொன்னுப்பாண்டி, "வற்றாத வைப்பாறு" என்று பாலத்துக்குப் பக்கத்தில் பிளெக்ஸ் வைத்தார், அதில் மூலையில் கொஞ்சம் ஆறு, மற்றதெல்லாம் அவர். வெளியூரிலிருந்து வேனில் ஆள் வந்து செல்பி எடுத்தது. பொங்கலன்றைக்குப் பெரிய அதிகாரி ஒருத்தர் பார்க்க வருவதாக ஏற்பாடு ஆனது.

பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம் மாரித்தங்கம் கையில் ரிமோட் மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். "ஒருக்கா நடத்திப் பாத்துருவோம் பெரியம்மா" என்றாள். பொத்தானை அமுக்கியதும் பவளக்கொடி கூடையை இறக்கி வைத்தாள், அவள் தலையில் முளைப்பாரி வந்து உட்கார்ந்தது, அடேயப்பா, ஒவ்வொரு முளையிலும் பனித்துளி! அவள் நடந்தாள், ஆற்றில் இறங்கினாள், சட்டியை இரண்டு கையாலும் எடுத்துத் தண்ணிக்குள் அமுக்கினாள். ஒரு முளைகூட நனையவில்லை. மண் கரையவில்லை. சட்டி அந்த அழகான தண்ணிக்குள் நழுவிப் போய் அடியில் இருந்த மணலில் டக்கென்று விழுந்த சத்தம்தான் கேட்டது. மறுபடி நடத்தினாள், மறுபடி டக். நான் பொறுக்க மாட்டாமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி அந்தச் சட்டியை நானே பிடித்து அமுக்கப் பார்த்தேன். கையில் காற்று. கரையேறியபோது என் சேலை நுனிகூட ஈரமில்லை. சட்டி மணலில் கிடந்தது, மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த அறையில் கிடந்த மாதிரியே கிடந்தது.

மாரித்தங்கம் கரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். "மூணாவது ஒண்ணு இருக்கு" என்றாள்.

"அதையும் போட்டுப் பாரேன்."

"அது மொக்கை பெரியம்மா. வேலை வெட்டி முடிஞ்ச நேரத்துல ஊர் ஊரா நாலு பேர் சேந்து சும்மா செஞ்சு விட்டது. அதுல எல்லாமே கட்டி கட்டியாத்தான் இருக்கும். ஆனா ஒரு கட்டி இன்னொரு கட்டியத் தொட்டா, தொட்டுட்டோம்னு ரெண்டுக்கும் தெரியும். தண்ணிக்கும் தெரியும்."

"அப்புறம் என்ன?"

"மூஞ்சிக்கு அதுல எடம் இல்ல. கண்ணுக்கு ரெண்டு புள்ளி வைக்கலாம், அவ்வளவுதான். ஏத்தணும்னா இதை மொத்தமா அழிக்கணும், என் கம்ப்யூட்டர் ரெண்டையும் தாங்காது."

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு பொன்னுப்பாண்டி பைக்கில் வந்து இறங்கினார், பின்னாலேயே தெருவும் வந்தது. "நாளைக்கு அதிகாரி வர்ற நேரத்துல ஆத்த அழிக்கப் போறியாக்கும்? ஒன் வீட்டு ஆறா அது?" என்று அவர் கத்தினார். கடற்கரை இரண்டு பக்கமும் தலையை ஆட்டினார். நான் யாரோடு நின்றேன் என்று நினைக்கிறீர்கள்? கவுன்சிலர் பக்கம்தான் நின்றேன். என் ஜென்மத்திலேயே அந்த ஆள் சொன்னதற்கு நான் ஆமாம் போட்டது அந்த ஒரு தடவைதான்.

"வேண்டாம்டி தங்கம், அந்த மூஞ்சிய அழிக்காத. தொட்டியிலகூடக் கரைச்சுக்கலாம், அம்மன் கோவிக்க மாட்டா. இன்னொருக்கா எங்கடி போய்ப் பாப்பேன் அவள?"

அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் குரல் ஆடவில்லை. "இந்த மூஞ்சிய நமக்காக வச்சிருக்கோம் பெரியம்மா. முளைப்பாரி அவளுக்கு."

பொன்னுப்பாண்டி பைக்கைத் திருப்பினார். மாரித்தங்கம் வீட்டுக்குப் போனாள். நான் பவளக்கொடிக்கு எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நெற்றி மயிர் ஆடிக்கொண்டிருந்தது, ஒரு பக்கத்து உதடு ஏறத் தொடங்கியது, சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் வெறும் மணலும் கருவேலமுமாக இருந்தது. "பாவி மகளே!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். மகளைச் சொன்னேனா, அம்மாவைச் சொன்னேனா, எனக்கே தெரியாது.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறுநாளில் கொண்டு போய் முடிக்கத்தான் எனக்கு ஆசை. மொக்கைதான் நிலைத்தது. ஆட்டம் முடிந்து வெளியே வந்து, போன் போனாகப் பரவி, இன்றைக்கு எங்கள் ஸ்டேஷனில் நிற்கிற ரயிலில் ஜன்னலுக்கு ஒருத்தர் தலையைக் குனிந்து அதைத்தான் ஆடுகிறார்கள்; நிஜ வெள்ளரி விற்கப் போனால், "இரும்மா, செக்கர் துரத்துறாரு" என்கிறார்கள். நிஜ செக்கரும் ஆடுகிறார், தினமும் பவளக்கொடியிடம் தோற்கிறார், தோற்றுவிட்டு என்னிடம் வந்து நியாயம் கேட்கிறார். ஆறு முழங்காலுக்குக் கீழே குறையாமல் ஓடுகிறது. என் வெள்ளரிப் பிஞ்சு கொஞ்சம் சதுரமாகக் காய்க்கிறது, கூடையில் இடுக்கில்லாமல் அடுக்க அதுதான் வசதி. என்ன மாதிரி என்ஜின் எடுக்கலாம் என்று கேட்டு எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் மாரித்தங்கத்தைத் தேடி வருகிறார்கள். அவர்களிடம் அவள், ஒங்க ஆட்டத்துல கடைசியா என்ன நடக்கணும் என்று மட்டும் கேட்கிறாள்.

இனி அந்த நாள். பொங்கலன்று காலை விடிந்தபோது தெரு கட்டி கட்டியாக இருந்தது. எருமை கொம்பு வைத்த பெட்டி. கடற்கரையின் தொந்தி ஒரு செங்கல், அவர் போட்ட சேவு குட்டிக் குட்டிச் செங்கல், கடித்தால் அதே மொறுமொறுப்பு. பொன்னுப்பாண்டிக்கு மீசை ஒரே ஒரு கறுப்புக் கோடு, அதையும் அவர் முறுக்கப் பார்த்தார். கண்ணாடி பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு தரம் அலறிவிட்டு, பரவாயில்லை, எல்லோருக்கும் இப்படித்தான் என்று பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நேரம் ஏறஏற மேற்கே ஒரு சத்தம், மச்சு வீட்டில் பீரோவை இழுப்பதுபோல, ஒரு பீரோ இல்லை, ஓராயிரம் பீரோ. பார்த்தால் ஆறு வருகிறது. இங்க்கு நிறத்தில் கட்டி கட்டியாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து, பார்க்கச் சகிக்காத ஒரு தண்ணி. எருமைதான் முதலில் போய் வாயை வைத்தது. வைத்த வாயை எடுக்கவில்லை. கடற்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொபுக்கென்று குதித்தார், நாலா பக்கமும் குட்டிக் குட்டி நீலக் கட்டியாகத் தெறித்து என் மூஞ்சியில் விழுந்தது.

"நனைஞ்சிருச்சு! அடியே, நனைஞ்சிருச்சுடி!" என்று அந்த மனுசன் தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி கத்தினார்.

அப்புறம் யாரைப் பிடிக்க! தெருவே தண்ணிக்குள் கிடந்தது. பார்க்க வந்த பெரிய அதிகாரி முதலில் பேன்டைச் சுருட்டினார், பிறகு சுருட்டியது வீண் என்று முழுசாக உட்கார்ந்துவிட்டார். பொன்னுப்பாண்டி வெள்ளைச் சட்டையோடு முங்கி எழுந்து, இதற்கும் பிளெக்ஸ் வைப்பதாக அங்கேயே அறிவித்தார். குலவைச் சத்தம் ரயில் பாலத்தில் பட்டுத் திரும்பி வந்தது. பொம்பளைகள் வரிசையாக முளைப்பாரியோடு இறங்கினார்கள், எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஆற்றில்! பச்சை பச்சையாகக் கட்டி பிரிந்து தண்ணியோடு போனது.

நான் இறங்கவில்லை. என் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கரையிலேயே நின்றேன். ஊரெல்லாம் ஜெயித்துவிட்டது, எனக்கு மட்டும் நேற்றுப் போன மூஞ்சி கண்ணுக்குள்ளேயே நின்றது. பக்கத்தில் மாரித்தங்கம் அந்த ரிமோட்டைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். வரிசையில் கடைசியாக ஒரு பொம்பளை வந்தாள். கட்டித் தலை, கட்டிக் கை, கண்ணுக்கு இரண்டு புள்ளி. தெருவில் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம், யார் என்று பார்க்கத் தோன்றவில்லை. ஆனால் அவள் தலையில் இருந்த பயிர்தான் அத்தனையிலும் ஒசரம். தண்ணி விளிம்புக்கு வந்ததும் நின்றாள். இடது காலை இரண்டு தரம் உதறினாள்.

"தங்கம்!" என்று மாரித்தங்கத்தின் கையைப் பிடித்தேன்.

அவள் கையிலிருந்த ரிமோட் கீழே கிடந்தது. "கால உதறுறத நான் செய்யவே இல்ல பெரியம்மா" என்றாள். "நடக்கச் சொல்லி நான் பொத்தானையும் அமுக்கல."

பவளக்கொடி இறங்கினாள். முழங்கால்வரை போய், சட்டியை இரண்டு கையாலும் எடுத்து, ஓங்காமல், அவசரப்படாமல் தண்ணிக்குள் அமுக்கினாள். மண் கரைந்தது. முளை ஒவ்வொன்றாக அவிழ்ந்து, அவளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பாலத்துக்குக் கீழே போனது. நான் போட்ட குலவையில் காக்கையெல்லாம் பறந்துவிட்டது. மாரித்தங்கம் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அந்த இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு யார் சொல்ல?

வெறும் சட்டியைக் கவிழ்த்துவிட்டு அவள் கரையேறினாள். காலடி பட்ட இடமெல்லாம் மணலில் சதுரம் சதுரமாக ஈரம். மகளுக்கு முன்னால் நின்று அவள் தலையில் கையை வைத்தாள், கை தலையில் நின்றது, உள்ளே போகவில்லை. பிறகு என்னிடம் வந்தாள். தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு கட்டம் முளைத்தது. மொக்கையில் பேச்சுக் கட்டமே கிடையாது என்று மாரித்தங்கம் இன்றுவரை சத்தியம் செய்கிறாள். அதில் எழுத்தெழுத்தாக ஒரே ஒரு வார்த்தை வந்தது.

"குடுடி."

என் தலையில் இருந்த சட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடி ஆற்றைப் பார்க்க நடையைக் கட்டினாள். எனக்கு ரோசமாக வந்தது. தலை லேசாக இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பின்னாலேயே நானும் இறங்கினேன்.